ஒட்சலேற்று உள்ளேயா, வெளியேயா? மலையக ஆய்வுகூடத்தில் கோபாற்றுச் சிக்கல்களைச் செய்து உறுதிப்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

ஆனி மாத மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், நான் செய்த சிவப்புத் தூளைச் சிறிய போத்தலில் இட்டு, அழகாகச் சூத்திரம் எழுதி ஒட்டி, எங்கள் மேற்பார்வையாளரிடம் கொண்டுபோனேன். போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "பிள்ளை, இந்த ஒட்சலேற்று உள்ளே இருக்கா, வெளியே இருக்கா?" என்னிடம் பதில் இல்லை. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியே போகும்.

சிக்கல் என்பது, நடுவில் ஒரு உலோக அணுவும் அதை நேரடியாகப் பற்றிய இணையிகளும் கொண்ட சேர்வை. ஒட்சலேற்று என்பது ஒட்சாலிக்கமிலத்திலிருந்து வரும், இரண்டு காபொட்சிலேற்றுக் கூட்டங்கள் கொண்ட அயன். உள்ளே என்றால், ஒட்சலேற்று தன் ஒட்சிசன் அணுக்களால் கோபாற்றை நேரடியாகப் பற்றியிருக்கிறது, அதாவது இணையியாக இருக்கிறது. வெளியே என்றால், ஏற்றத்தைச் சமப்படுத்த மட்டும் பக்கத்தில் நிற்கும் அயன். மூலகப் பகுப்பாய்வு இந்த இரண்டையும் எப்போதும் பிரித்துக் காட்டாது. சைக்கிளாம் என்ற நைதரசன் வளையத்துடன் ஒட்சலேற்றையும் பற்றியிருக்கும் கோபாற்று, வெளியே ஒரு குளோரைட்டும் ஒரு நீர் மூலக்கூறும் கொண்ட பளிங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது குளோரைட்டையும் நீரையும் உள்ளே தள்ளி ஒட்சலேற்றை வெளியே எடுங்கள். காபன், ஐதரசன், நைதரசன் வீதங்கள் இரண்டிலும் இம்மியும் மாறாது. அல்பிரட் வேர்னர் 1893இல் இந்த உள், வெளி வேறுபாட்டைத்தான் முன்வைத்தார். கோபாற்று அமோனியாச் சேர்வைகளை வைத்தே அதை நிறுவி, 1913இல் நோபல் பரிசும் பெற்றார்.

நாம் செய்யப்போவது மூன்று பொருள்கள். முதலில் சைக்கிளாமும் இரண்டு குளோரைட்டும் கொண்ட பச்சைச் சிக்கல். அதிலிருந்து காபனேற்றுச் சிக்கல். அதிலிருந்து ஒட்சலேற்றுச் சிக்கல். சைக்கிளாம் என்பது நான்கு நைதரசன்கள் கொண்ட 14 அணு வளையம். உலோகத்தைச் சுற்றி வளைக்கும் இப்படிப்பட்ட பெருவளையங்களுக்கு இயற்கையிலேயே உதாரணம் உண்டு. விற்றமின் பி12 இல் கோபாற்று அப்படியொரு வளையத்தின் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதன் அமைப்பை 1956இல் டொரதி ஹொட்ஜ்கின் வெளியிட்டார்.

சைக்கிளாம் விலை கூடியது. கைப்பழக்கத்துக்கு, எதிலீன்டைஅமீனையும் அசற்றோனையும் அமில ஊடகத்தில் சேர்த்து, ஆறு மெதைல் கூட்டங்கள் கொண்ட 14 அணு வளையத்தை நீங்களே செய்யலாம். நியூசிலாந்தின் நீல் கேட்டிஸ் 1960இல் நிக்கல் சிக்கலில் கண்ட வளைய ஆக்கத்திலிருந்து வளர்ந்த வழி இது. பழைய செய்முறைகளில் பேர்குளோரேற்று உப்பாகப் பிரித்திருப்பார்கள். அதைச் செய்யவே வேண்டாம். சேதனப் பகுதியுள்ள பேர்குளோரேற்றுகள் உலர்ந்த நிலையில், ஒரு கரண்டி உரசலிலேயே வெடிக்கக்கூடியவை. புரோமைட்டு உப்பு போதும்.

மலைக்கு ஏற்ற முன்னேற்பாடு

செய்முறைகள் பெரும்பாலும் கடல் மட்டத்தில், சூடேற்றிய உலர்ந்த அறைகளில் இருந்தவர்கள் எழுதியவை. நம் இடம் வேறு. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். ஹட்டனில் ஏறக்குறைய 96, பேராதனையில் 98. "கொதிநீர்த் தொட்டியில் 30 நிமிடம்" என்று எழுதியிருந்தால், நுவரெலியாவில் அது 30 நிமிடத்தில் முடியாது. நிறம் மாறும் வரை வையுங்கள், மணிக்கூட்டைப் பார்த்து எடுக்காதீர்கள். மெதனோலும் அங்கே 65க்குப் பதில் 59 பாகையிலேயே கொதிக்கிறது, ஆகவே சீக்கிரம் ஆவியாகி ஓடிவிடும்.

அடுத்தது ஈரம். மேற்குச் சரிவில் வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று. பதுளைப் பக்கம் மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்று. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிறவர்கள் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளை வைத்துக் காற்றின் ஈரத்தைக் கணக்கிடுவார்கள். அதே சோடியை ஆய்வுகூடச் சுவரில் மாட்டுங்கள். இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் 1 அல்லது 2 பாகைதான் என்றால் அன்று நிறுக்கும் வேலையையும் அகச்சிவப்பு வேலையையும் தள்ளிப்போடலாம். உலர்த்தியில் இடும் நீலச் சிலிக்கா ஜெல்லின் நிறமே கோபாற்றுக் குளோரைட்டுத்தான். ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாகிறது. நம் பாடத்தின் முதல் நிறமாற்றம் அந்தப் போத்தலிலேயே நடந்துகொண்டிருக்கிறது.

கையுறை கட்டாயம். கோபாற்று உப்புகள் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும், தூளைச் சுவாசிப்பது இன்னும் மோசம். ஒட்சாலிக்கமிலமும் நஞ்சு.

படி 1: பச்சைச் சிக்கல்

0.50 கிராம் சைக்கிளாமை 10 மில்லிலீற்றர் மெதனோலில் கரையுங்கள். இன்னொரு முகவையில் 0.60 கிராம் கோபாற்று +2 குளோரைட்டு ஆறுநீரேற்றை 10 மில்லிலீற்றர் மெதனோலில் கரையுங்கள். இரண்டும் 2.5 மில்லிமூல். கோபாற்றுக் கரைசலைச் சைக்கிளாமுக்குள் மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள். கரைசல் சீக்கிரமே கபில நிறமாகும்.

இப்போது காற்று. மீன் தொட்டிக்கு வைக்கும் சிறிய பம்பு இதற்கு அருமையாகப் போதும். வரும் காற்றைக் கல்சியம் குளோரைட்டுக் குழாய் வழியாக விட்டால் மழைக்கால ஈரமும் தூசும் தடைப்படும். ஒரு மணித்தியாலம் குமிழிகளாகப் போகட்டும். குறையும் மெதனோலை அவ்வப்போது சேருங்கள். நச்சு ஆவியை இழுக்கும் புகை அலுமாரிக்கு உள்ளேயே செய்யுங்கள், நெருப்புப் பக்கத்தில் இருக்கக் கூடாது.

இந்த ஒழுங்கு ஏன் என்று விளங்கிக்கொண்டால் மற்றப் படிகள் எல்லாம் தானாக விளங்கும். கோபாற்று +2 தன் இணையிகளை நொடிக்குள் மாற்றிக்கொள்ளும். கோபாற்று +3 பிடித்ததை லேசில் விடாது. ஆகவே கதவு திறந்திருக்கும் +2 நிலையில் வளையத்தை உள்ளே விட்டு, பிறகு காற்றின் ஒட்சிசனால் ஒட்சியேற்றிக் கதவைப் பூட்டுகிறோம். முதலே +3 ஐ எடுத்தால் வளையம் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

ஒரு மணித்தியாலம் கழிந்ததும் 2 மில்லிலீற்றர் செறிந்த ஐதரோகுளோரிக்கமிலத்தைத் துளித்துளியாகச் சேர்த்து, இன்னொரு மணித்தியாலம் காற்று விடுங்கள். கபிலம் மறைந்து பச்சைப் பளிங்குகள் இறங்கும். நுவரெலியாப் பக்கம் என்றால் இரவு முழுக்க யன்னலோரம் வைத்தாலே பனிக்கட்டித் தொட்டி தேவைப்படாது. வடிகட்டி, குளிர்ந்த எதனோலாலும் பிறகு ஈதராலும் கழுவி, உலர்த்தியில் வையுங்கள். முழு விளைவு 0.91 கிராம். அதில் முக்கால் பங்கு வந்தாலே சந்தோஷப்படலாம்.

உடனே ஒரு சோதனை. சில பளிங்குகளைத் தண்ணீரில் போடுங்கள். உண்மையான சிக்கல் பச்சையாகக் கரைந்து மணிக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். கண்முன்னே இளஞ்சிவப்பாகிவிட்டால், உங்களிடம் இருப்பது தாக்கமடையாத கோபாற்று +2. மெதனோலும் அமிலமும் சேர்ந்த இடத்தில் அது நீல நாற்குளோரைட்டு அயனாக நின்று பச்சைக்குள் ஒளிந்துகொள்ளும். உயர்தரத்தில் படித்த நீல, இளஞ்சிவப்பு மாற்றம் இதுவேதான்.

வேர்னரின் வெள்ளி நைத்திரேற்றுச் சோதனையை இங்கே கட்டாயம் செய்யுங்கள். பிற்பாடு ஒட்சலேற்றுக்கு நாம் செய்யப்போவதற்கு இது ஒத்திகை. 0.183 கிராம் பச்சைச் சிக்கலை, அதாவது 0.5 மில்லிமூலை, குளிர்ந்த ஐதான நைத்திரிக்கமிலத்தில் கரைத்து வெள்ளி நைத்திரேற்றைச் சேர்த்து, உடனே வடிகட்டுங்கள். 72 மில்லிகிராம் வெள்ளிக் குளோரைட்டு வர வேண்டும். அது ஒரே ஒரு குளோரைட்டுக்கு உரியது. இன்னொரு 0.183 கிராமைச் சோடியம் ஐதரொட்சைட்டுடன் நன்றாகக் கொதிக்க வைத்து, வடிகட்டி, அமிலமாக்கிச் செய்தால் 215 மில்லிகிராம் வரும். மூன்று குளோரைட்டில் ஒன்று வெளியே, இரண்டு உள்ளே. வேர்னர் கண்டதை நீங்களும் தராசில் கண்டுவிட்டீர்கள்.

படி 2: வளையத்தை மடிப்பது

பச்சைச் சிக்கலில் சைக்கிளாம் விரித்த பாய் போலத் தட்டையாக இருக்கிறது. குளோரைட்டுகள் மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒட்சலேற்றின் இரண்டு கைகளும் கிட்டக்கிட்ட இருப்பதால் எதிரெதிர் இடங்களை அதனால் பிடிக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து இடங்கள்தான் வேண்டும். ஆகவே பாயை மடிக்க வேண்டும். அந்த மடிப்பைச் செய்து தருவது காபனேற்று.

0.37 கிராம் (1 மில்லிமூல்) பச்சைச் சிக்கலை 10 மில்லிலீற்றர் நீரில் எடுத்து, 0.25 கிராம் சோடியம் இருகாபனேற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கொதிநீர்த் தொட்டியில் வையுங்கள். காபனீரொட்சைட்டு நுரைத்து வரும். பச்சை மங்கி, ஊதா கலந்த சிவப்பு ஏறும். முன்பு சொன்ன உயரக் கணக்கு இங்கேதான் உதைக்கும். ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் வைத்துப் பார்த்துப் பச்சைச் சாயல் துளியும் இல்லாதபோது மட்டும் இறக்குங்கள். கபில, கறுப்புத் துகள் விழுந்திருந்தால் கொஞ்சம் சிக்கல் சிதைந்திருக்கிறது, வடிகட்டிவிட்டுத் தொடரலாம்.

12 அணு வளையமான சைக்கிளென் உங்களிடம் இருந்தால் இந்தப் போராட்டமே இல்லை. அந்த வளையம் கோபாற்றைத் தட்டையாகச் சுற்றப் போதாது, எப்போதும் மடிந்தே நிற்கும். சோடியம் முக்காபனேற்றோ கோபாற்று +3 உப்புடன் சைக்கிளென் ஐதரோகுளோரைட்டை நீரில் இளஞ்சூடாக்கினால் காபனேற்றுச் சிக்கல் நேராகவே கிடைக்கும். அந்தத் தொடக்க உப்பும் செலவு குறைந்தது. 4.2 கிராம் சோடியம் இருகாபனேற்றை 5 மில்லிலீற்றர் நீரில் குழம்பாக்கிப் பனிக்கட்டியில் வைத்து, 2.9 கிராம் கோபாற்று நைத்திரேற்றும் 1 மில்லிலீற்றர் 30 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டும் கலந்த 5 மில்லிலீற்றர் கரைசலைத் துளித்துளியாக இட்டு ஒரு மணித்தியாலம் கலக்கினால், ஒலிவ் பச்சையாக இறங்கிவிடும். குளிர்ந்த நீராலும் எதனோலாலும் ஈதராலும் கழுவுங்கள்.

படி 3: ஒட்சலேற்றை உள்ளே கொண்டுவருதல்

படி 2 இன் கரைசலை 60 பாகைக்கு ஆறவிட்டு, 0.25 கிராம் ஒட்சாலிக்கமில இருநீரேற்றை (2 மில்லிமூல்) சிட்டிகை சிட்டிகையாக இடுங்கள். அமிலம் முதலில் காபனேற்றை உடைக்கிறது. காபனீரொட்சைட்டு வெளியேற, அந்த இரண்டு இடங்களிலும் நீர் உட்காருகிறது. நுரை நின்றதும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் நான் விட்ட பிழை. நுரை நின்றது காபனேற்று போனதற்கு அடையாளம், ஒட்சலேற்று வந்ததற்கு அல்ல! நீரை விலக்கி ஒட்சலேற்று உட்கார நேரம் எடுக்கும். 60 முதல் 70 பாகையில் ஒன்றிரண்டு மணித்தியாலம் வையுங்கள். முகவையை அலுமினியத் தாளால் சுற்றிவிடுங்கள். கோபாற்று +3 ஐப் பற்றிய ஒட்சலேற்று ஒளிபட்டால் தானே ஒட்சியேறி, கோபாற்றை +2 க்குத் தாழ்த்திவிடும்.

அறை வெப்பநிலைக்கு ஆறியதும் வெள்ளைத் துகள் தெரிந்தால் வடிகட்டுங்கள், அது மிச்ச ஒட்சலேற்று உப்பு. பிறகு 0.33 கிராம் அமோனியம் ஹெக்ஸாபுளோரோபொஸ்பேற்றை 3 மில்லிலீற்றர் நீரில் கரைத்துச் சேர்த்து, குளிரில் விடுங்கள். இந்த உப்பைச் சேர்த்த பிறகு சூடாக்கவே கூடாது. சூடான அமிலத்தில் அது உடைந்து ஐதரோபுளோரிக்கமிலம் தரும், அது எலும்பு வரை போகும் நஞ்சு. கண்ணாடிக் கோலால் சுவரைச் சுரண்டினால் பளிங்கு இறங்கத் தொடங்கும். இறங்காவிட்டால் பொறுமையாக ஆவியாக விடுங்கள். குளிர்ந்த நீர் கொஞ்சமாக விட்டு இரண்டு முறை கழுவுங்கள். இந்தக் கழுவலைச் சோம்பல்பட்டு விட்டால் கீழே வரும் சோதனை எல்லாம் பொய் சொல்லும்.

இப்போது கேள்விக்குப் பதில்

முதல் பதில் ஒரு சோதனைக் குழாயிலேயே கிடைக்கும். பளிங்கைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஒரு துளி கல்சியம் குளோரைட்டு விடுங்கள். வெளியே நிற்கும் ஒட்சலேற்று உடனே வெள்ளையாக வீழ்படியும். கோபாற்றைப் பற்றியிருப்பது வீழ்படியாது. ஒரு துளி ஒட்சாலிக்கமிலக் கரைசலை அமோனியாவால் நடுநிலையாக்கிப் பக்கத்துக் குழாயில் வைத்து ஒப்பிடுங்கள். ஏறத்தாழச் செலவில்லாத இந்தச் சோதனையை எல்லாக் கருவிகளுக்கும் முன்னால் செய்யுங்கள் என்று நான் அடித்துச் சொல்வேன்.

எவ்வளவு ஒட்சலேற்று என்பதை உயர்தரத்தில் செய்த அதே பேர்மங்கனேற்று நியமிப்பு சொல்லும். 0.100 கிராமைச் சோடியம் ஐதரொட்சைட்டுடன் கொதிக்க வைத்துச் சிக்கலை உடைத்து, கறுப்பு வீழ்படிவை வடிகட்டி நன்றாகக் கழுவி, வடிதிரவத்தைச் சல்பூரிக்கமிலத்தால் அமிலமாக்கி 60 பாகைக்கு மேல் சூடாக்கி நியமியுங்கள். மூலக்கூற்றுத் திணிவு 492 என்ற கணக்கில், லீற்றருக்கு 0.005 மூல் பேர்மங்கனேற்று 16.3 மில்லிலீற்றர் அளவில் போக வேண்டும். வளையத்தின் அமீன் துண்டுகள் வடிதிரவத்தில் மிஞ்சினால் கொஞ்சம் கூடுதலாகப் போகும். இந்த நியமிப்பு அளவை மட்டும் சொல்கிறது, இடத்தைச் சொல்லாது.

இடத்தைச் சொல்வதில் அகச்சிவப்பு நிறமாலைதான் மூத்த சாட்சி. காபொட்சிலேற்றின் இரண்டு காபன் ஒட்சிசன் பிணைப்புகளும் சேர்ந்து அதிரும்போது சமச்சீரற்ற பட்டை ஒன்றும் சமச்சீர்ப் பட்டை ஒன்றும் வரும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். சோடியம் அசற்றேற்றில், அதாவது வெறும் அயனில், 1578, 1414, இடைவெளி 164 செ.மீ.⁻¹. ஐந்து அமோனியாவுடன் கோபாற்று +3 ஐ ஒரே ஒட்சிசனால் பற்றிய அசற்றேற்றில் 1603, 1380, இடைவெளி 223. ஒற்றைக் கை பிடித்தால் இடைவெளி அகலும். ஒரே உலோகத்தை இரண்டு ஒட்சிசனாலும் பிடித்த அசற்றேற்றில் அயனை விடக் குறுகும். ஆனால் இந்த விதியை அப்படியே ஒட்சலேற்றுக்குப் போடாதீர்கள், பலர் இங்கே வழுக்குவார்கள். ஒட்சலேற்று ஒவ்வொரு காபொட்சிலேற்றிலிருந்தும் ஒரு ஒட்சிசனைத்தான் கொடுக்கிறது. கோபாற்றை அப்படிப் பற்றிய ஒட்சலேற்றில், பொற்றாசியம் முவ்வொட்சலேற்றோ கோபாற்றேற்றில் உள்ளது போல, 1707, 1670, 1398, 1254 பக்கம் பட்டைகள் தெரியும். 1650க்கு மேலே பலமான பட்டை ஏறியிருந்தால் நல்ல சகுனம்.

மழைக்காலத்தில் கவனம். பொற்றாசியம் புரோமைட்டு வில்லை ஈரத்தை உறிஞ்சி 3400 இலும் 1630 இலும் நீரின் பட்டையைக் காட்டும். அந்த 1630 நம் காபொட்சிலேற்றுப் பகுதிக்குள்ளேயே வந்து நிற்கிறது. பொற்றாசியம் புரோமைட்டுத் தூளை அடுப்பில் 110 பாகையில் உலர்த்தி, வெற்று வில்லை ஒன்றையும் ஓட்டி ஒப்பிடுங்கள். வில்லை தேவைப்படாத வைரத் தளக் கருவி கிடைத்தால் அதில் போடுங்கள், கவலை விட்டது.

வளையம் மடிந்ததா என்பதற்கு 790 முதல் 910 வரையுள்ள பகுதி உதவும். தட்டையான சைக்கிளாமில் அங்கே பட்டைகள் குறைவு, மடிந்ததில் பிரிந்து கூடும். ஆனால் நம் ஹெக்ஸாபுளோரோபொஸ்பேற்று 840 இல் பெரிய பட்டையாக வந்து அந்தப் பகுதியையே மூடிவிடும். குளோரைட்டு வடிவ அயன்மாற்றுப் பிசின் நிரலில் விட்டுக் குளோரைட்டு உப்பாக்கிய சிறு மாதிரியில்தான் இதைப் படிக்க வேண்டும்.

புறஊதா, கட்புல நிறமாலைக்குப் பச்சைச் சிக்கலில் 36.6 மில்லிகிராமை 10 மில்லிலீற்றர் நீரில் கரைத்தால் லீற்றருக்கு 0.010 மூல். 640 நானோமீற்றர் பக்கம் உறிஞ்சல் 0.4 அளவில் வரும், அதாவது மூலர் உறிஞ்சல் குணகம் 40ஐ ஒட்டி. குணகம் இவ்வளவு சிறிதாக இருப்பதற்குக் காரணம், எதிரெதிர் அமைப்பில் சமச்சீர் மையம் இருப்பதும் அதனால் அந்த இலத்திரன் தாவல் தடைபடுவதும்தான். மடிந்த வடிவத்தில் மையம் இல்லை, தடை தளர்கிறது. அதே இரு குளோரைட்டுச் சிக்கலின் மடிந்த வடிவம் ஊதா நிறம், 560 பக்கம் 110 அளவுக்கு ஏறும். உங்கள் ஒட்சலேற்றுச் சிக்கல் 500 இலிருந்து 550 வரையான இடத்தில் உறிஞ்சி, குணகமும் நூறை ஒட்டியோ மேலேயோ இருந்தால் மடிப்பு நடந்திருக்கிறது.

கடத்துதிறனை லீற்றருக்கு 0.001 மூல் கரைசலில் எடுங்கள். நீரில் ஒன்றுக்கு ஒன்று உப்பு, அதாவது ஒட்சலேற்று உள்ளே இருக்கும் நம் பொருள், 100 முதல் 130 சீமன்ஸ் செ.மீ.² மூல்⁻¹ வரை காட்டும். ஒன்றுக்கு இரண்டு 230 முதல் 270 வரை. அட்டவணைகள் 25 பாகைக்கு எழுதியவை. நம் அறை 18 இல் இருக்கும். பாகைக்கு ஏறக்குறைய 2 சதவீதம் குறையும் என்பதால் நீர்த்தொட்டியில் வைத்தே அளவிடுங்கள், இல்லாவிட்டால் சரியான பொருளையும் பிழை என்று தூக்கி எறிந்துவிடுவீர்கள்.

காந்த அளவீடு சுருக்கமானது. கோபாற்று +3 இன் ஆறு இலத்திரன்களும் சோடி சேர்ந்திருப்பதால் காந்தத் திருப்பம் பூச்சியம். உயர்சுழற்சிக் கோபாற்று +2 கலந்திருந்தால் அதன் 4.3 முதல் 5.2 வரையான போர் மக்னெற்றோன் உடனே காட்டிக்கொடுக்கும்.

கருக் காந்தப் பரிவு கிடைத்தால் காபன் 13 கோடுகளை எண்ணுங்கள். தட்டையான வளையத்தின் 10 காபன்களும் மூன்று கோடுகளாகத் தெரியும். மடிந்த வளையம் ஐந்து கோடு, ஒட்சலேற்று ஒன்று, மொத்தம் ஆறு. கோடுகள் அகன்று சிதறியிருந்தால் கோபாற்று +2 அழுக்கு இருக்கிறது, மீண்டும் பளிங்காக்குங்கள்.

எக்ஸ் கதிருக்கு ஒற்றைப் பளிங்கு வேண்டுமென்றால், அசற்றோநைத்திரைலில் கரைத்த சிறிய குப்பியை ஈதர் உள்ள பெரிய போத்தலுக்குள் வைத்து மூடி, இருட்டில், ஆட்டாமல் விடுங்கள். ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்க்க ஆசை வரும். பார்க்காதீர்கள், ஒரு வாரம் விடுங்கள்.

கழிவு

கோபாற்றுக் கழுவல் எதையும் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். பேராதனையில் ஆய்வுகூடத்துக்குக் கீழேயே மகாவலி ஓடுகிறது. மேலே ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து ஓடைகள் பலவும் அதில்தான் போய்ச் சேர்கின்றன. ஒரு வாளியில் சேர்த்து, சோடியம் காபனேற்று இட்டு, நிறம் முழுக்க அடியில் இறங்கும் வரை வைத்து, வடிகட்டிய சேற்றைப் பெயரிட்ட போத்தலில் மூடி வையுங்கள். சைக்கிளாம் பற்றிய கோபாற்று காபனேற்றுக்கு இறங்காது, கரைசலிலேயே நிற்கும். ஆகவே சிக்கல் கழிவுக்குத் தனிப் போத்தல். ஹெக்ஸாபுளோரோபொஸ்பேற்றுக் கழிவுக்கு அமிலம் படாத இன்னொரு பிளாத்திக்குப் போத்தல். வெள்ளிக் குளோரைட்டையும் எறியாதீர்கள், சேர்த்து வைத்தால் அடுத்த அணிக்கு அதிலிருந்தே வெள்ளியை மீட்டு நைத்திரேற்றாக்கலாம்.